பழைய ஷெவ்ரலே பிக்கப்பின் கேபின்: இருப்பதைச் சரிசெய்வதா, அசலைத் தேடுவதா, புதிதாகச் செய்ததை வாங்குவதா?

பழைய பிக்கப்பை மீட்டெடுக்கிறவர்கள் எஞ்சின், பிரேக், டிங்கரிங், பெயிண்டு என்று ஒவ்வொன்றாகத் தைரியமாக முடித்துவிட்டு, கேபின் கதவைத் திறந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். சீட்டில் ஸ்பிரிங் வெளியே தெரிகிறது, கூரை அட்டை பாதி தொங்குகிறது, ஸ்டீயரிங் வெடித்திருக்கிறது, மீட்டர் முகப்பு மங்கிவிட்டது. ஒரு பக்கம் கேட்டலாக்கில் பளபளவென்று ஒரு ‘முழு இன்டீரியர் கிட்’ படம், இன்னொரு பக்கம் ஏதோ ஒரு பண்ணையில் துருப்பிடித்து நிற்கும் அதே மாடல் வண்டி, மூன்றாவதாக எழுபது வருஷம் பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல் பாகம் என்று சொல்லி ஒருவர் கேட்கும் விலை. எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இது.

எல்லாப் பிக்கப்புக்கும் பொதுவாகப் பேசினால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் மீட்டெடுப்பவர்கள் கையில் அதிகம் கிடைக்கிற ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1947 கோடையில் வெளிவந்து 1955 தொடக்கம் வரை ஓடிய ஷெவ்ரலேயின் ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசை, அதிலும் அரை டன் சரக்கு ரகமான 3100 மாடல். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி முழுவதற்கும் ஒரே வழி என்று முடிவெடுக்காதீர்கள், பாகத்துக்குப் பாகம் பதில் மாறும். அப்படி ஒவ்வொன்றாக முடிவெடுக்கும்போது முதல் வாய்ப்பை உங்கள் கேபினுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய பாகத்துக்கே கொடுங்கள், அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி.

## முதலில் உங்கள் வண்டி எந்த மாதத்து வண்டி?

‘1947–55 எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் பாகங்களைப் பார்த்தால் எட்டு வருஷமும் ஒரே கேபின்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. 1947-இல் மூன்று கியர் வண்டிக்கும் கியர் கம்பி தரையில் இருந்தது, 1948-இல் அது ஸ்டீயரிங் தண்டுக்கு ஏறியது. 1949-இல் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. 1951-இல் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி வந்தது, அதோடு கதவுக்குள் இருக்கும் சாமான்களும் மாறின. 1952-இல் வெளிக் கைப்பிடி, திருகித் திறப்பதிலிருந்து பொத்தானை அழுத்தித் திறப்பதாக மாறியது. 1954-இல் முன் கண்ணாடி ஒரே துண்டானது, டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் முற்றிலும் வேறு. அதாவது 1953-க்கும் 1954-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டி டேஷ்போர்டு சாமான் எதையும் வாங்கக் கூடாது.

டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சிறு தகடு இருக்கும். 1952 வரையிலான 3100 வண்டிகளில் ஆலையின் எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்துகள் வருஷத்தையும் வரிசையையும் சொல்லும்: எச்பி என்றால் 1950, ஜேபி என்றால் 1951, கேபி என்றால் 1952. அதற்கடுத்த எழுத்து மாதம், ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும். ஆனால் இந்த வண்டிகள் பண்ணைகளில் உழைத்தவை. துருப்பிடித்த கேபினைத் தூக்கிப்போட்டு வேறு கேபினை மாட்டியவர்கள் ஏராளம். தகடு ஒரு வருஷம், கதவு இன்னொரு வருஷம் என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தகட்டையும் பாகங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அமெரிக்க ஆலைகளில் செய்த இந்த வண்டிகளுக்கு, உங்கள் வண்டி என்னென்ன சாமானோடு வெளியே போனது என்று சொல்லும் தாள் கிடைக்காது. ஷெவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) ஹெரிடேஜ் ஆவணக் காப்பகம் மாடல் வருஷத்துக்கு ஒன்றாகத் தகவல் தொகுப்பு தருகிறது. அது அந்த வருஷத்தில் என்னவெல்லாம் கிடைத்தது என்று சொல்லும், உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லாது. கனடாவில் நிலைமை மேல். ஜிஎம் கனடாவின் பழைய வாகன ஆவணச் சேவை, 1945-க்குப் பிறகு அங்கே தயாரான வண்டிகளுக்கு எண்ணை வைத்து ஆவணம் தேடித் தருகிறது. டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள், பக்கத்து ஓஷாவாவில் பிறந்த வண்டியை வாங்கியிருந்தால், ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே இதற்குக் கட்டணம் கட்டிவிடலாம். இது இரண்டும் போக, ஆலையில் பாகங்களைப் பூட்டிய முறையைப் படத்தோடு காட்டும் ‘ஃபேக்டரி அசெம்பிளி மேனுவல்’ மறுபதிப்பாகக் கிடைக்கிறது. அதை வாங்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள் என்பது என் பிடிவாதம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் புதிதாகச் செய்த கிட்தான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் அளவுகோலை முதலிலேயே வைத்துக்கொள்வோம்.

முதலாவது, உங்கள் வருஷத்துக்கும் உங்கள் கேபின் ரகத்துக்கும் அது சரியா? பின் மூலையில் கண்ணாடி உள்ள டீலக்ஸ் கேபினும் மூலைக் கண்ணாடி இல்லாத சாதாரணக் கேபினும் உள்ளே ஒன்றில்லை. இரண்டாவது, தட்டாமல் வெட்டாமல் பொருந்துமா? மூன்றாவது, நெருப்பு, புகை, விபத்து என்று வந்தால் அந்தப் பாகம் தாங்குமா? நான்காவது, பாகத்தின் விலையோடு கப்பல் கூலி, முலாம், திருத்தும் நேரம் எல்லாம் சேர்த்து மொத்தம் என்ன? ஐந்தாவது, பிற்பாடு மனசு மாறினால் பழையபடி ஆக்க முடியுமா?

வண்டியைப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்களா, சனிக்கிழமை ஓட்டப்போகிறீர்களா என்பதும் முக்கியம். அமெரிக்கப் பழங்கார் சங்கமான ஏஏசிஏ, அந்த மாடல் வருஷத்துக்கான தொழிற்சாலைக் கேட்டலாக், பாகப் புத்தகம், விற்பனைத் தாள் ஆகியவற்றில் இருந்த எந்தத் துணைச் சாமானையும் ஏற்கிறது. ஆக, டீலர் மாட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஹீட்டரோ வலப்பக்க வெயில் மறைப்போ உங்கள் வண்டியில் அன்றைக்கு இருந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதே சங்கம் மீட்டெடுக்காமல் பழையபடியே காப்பாற்றி வைத்த வண்டிகளுக்கென்று தனிப் பிரிவும் வைத்திருக்கிறது. உங்கள் கேபின் பாதிக்கு மேல் அசலாக இருந்தால், ‘புதுசு மாதிரி ஆக்கியே தீர வேண்டும்’ என்ற எண்ணத்தையே ஒருமுறை தள்ளி வைத்துப் பாருங்கள்.

## வழி ஒன்று: இருப்பதைச் சரிசெய்வது

பொருத்தத்தில் இதை எதுவும் மிஞ்சாது. அந்தக் கதவிலிருந்து கழற்றியது அந்தக் கதவுக்கே போகிறது, அவ்வளவுதான்.

ஸ்டீயரிங் சக்கரத்தை எடுங்கள். உள்ளே இரும்பு, மேலே கெட்டியான பிளாஸ்டிக் வார்ப்பு. கம்பி சேரும் இடங்களில் வெடித்திருக்கும். பார்த்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றும், ஆனால் இது நன்றாகச் சரியாகிற பாகங்களில் ஒன்று. வெடிப்பை ‘வி’ வடிவில் அகலமாக அறுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, இரண்டு கலவை எபாக்சி பட்டியை அழுத்தி அடைத்து, காய்ந்ததும் அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிரைமரும் யுரேத்தேன் பெயிண்டும் அடித்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும். கடையில் இதைவிடச் சின்ன விட்டத்தில் புதுச் சக்கரம் விற்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் சக்கரம் சின்னதானால் நிறுத்தி எடுக்கும்போது கை வலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீட்டர்கள்தான் இந்த வழியில் மிகவும் சுவாரசியமான பகுதி. 1953 வரையிலான டேஷ்போர்டில் இரண்டு பெரிய வட்டங்கள், ஒன்றில் வேகம், இன்னொன்றில் பெட்ரோல், வெப்பம், ஆயில் அழுத்தம், ஆம்பியர் நான்கும். வெப்ப மீட்டருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சினில் பதிந்திருக்கும் குமிழிலிருந்து மீட்டர் வரை மெல்லிய ஒரே குழாய், உள்ளே ஈதர். எஞ்சினைத் தூக்கும்போது யாராவது அவசரத்தில் அந்தக் குழாயை வெட்டிவிட்டால் ஈதர் பறந்துவிடும், மீட்டர் செத்துவிடும். உயிர் கொடுக்க முடியும்: ஒரு மலிவான மெக்கானிக்கல் மீட்டர் வாங்கி, அதன் குமிழை உப்புக் கலந்த ஐஸில் அழுத்தி வைத்து, ஈதர் முழுக்கக் குமிழுக்குள் இறங்கிய பிறகு குழாயை வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு ஒரு சிறு செம்பு உறை போட்டுப் பற்றவைப்பார்கள். ஈதர் எளிதில் தீப்பிடிக்கும், அதனால் கேஸ் சுடர் பக்கத்திலேயே வரக் கூடாது, மின்சார ஈயப்பற்றுக்கோல்தான். கை நிதானமில்லாதவர்கள் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிவிடுவது நல்லது.

ஆயில் அழுத்த மீட்டரில் இன்னொரு விஷயம். இந்த வண்டியோடு வந்த 216 கன அங்குல எஞ்சின், கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு ஆயிலை அள்ளித் தெளிக்கும் பழைய முறையில் ஓடுவது. அழுத்தம் குறைவு, அதனால் மீட்டரின் எல்லையே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுதான். பிற்பாடு யாரோ முழு அழுத்தத்தில் ஆயில் போகும் 235 எஞ்சினை மாற்றியிருந்தால் முள் எப்போதும் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. மீட்டர் ஒழுங்காகத்தான் இருக்கிறது, எஞ்சின்தான் அதனுடையது இல்லை. இங்கே உண்மையான கேள்வி, அசல் முகப்பை வைத்துக்கொண்டு மறைவாக இன்னொரு மீட்டர் போடுவதா, 60 பவுண்டு அளவுள்ள மீட்டருக்கு மாறுவதா என்பது. ஓட்டுகிற வண்டி என்றால் நான் மறைவாக இன்னொன்று போடுவேன்.

மறைந்த செலவுகள் இங்கேயும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சரியான முகமூடி இல்லாமல் வறட்டுத் தேய்ப்பு வேண்டாம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி போன்ற துத்தநாக வார்ப்புகளில் முலாம் குழிவிழுந்திருந்தால் மறுபடி குரோம் பூச ஆகும் செலவு அந்தக் கைப்பிடியின் விலையைத் தாண்டிப் போகும். பண்ணையில் நின்ற வண்டியின் சீட்டுக்குள் எலிக்கூடு இருப்பது சர்வ சாதாரணம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டெலியின் எச்சத்திலிருந்து ஹாண்டா வைரஸ் பரவும் ஆபத்து நிஜமானது. பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது. காற்றோட்டமாகத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரில் ஊற நனைத்த பிறகுதான் அள்ள வேண்டும்.

எந்த வழிக்குப் போனாலும் இந்தக் கட்டத்தில் ஒன்று செய்யுங்கள். உடைந்த கூரை அட்டை, பக்கவாட்டு அட்டை, கிழிந்த சீட்டு உறை, தேய்ந்த தரை மேட் எதையும் எறியாதீர்கள். துளை எங்கே, மடிப்பு எங்கே, தையல் எத்தனை வரிசை என்பதற்கு அந்தக் கந்தல்தான் சாட்சி. கேபினின் அசல் நிறம் வேண்டுமானால் கையுறைப் பெட்டிக்குப் பின்னால், சாம்பல் தட்டுக்கு உள்ளே, கூரை அட்டையைப் பிடிக்கும் தகட்டுக்கு அடியில் பாருங்கள். வெயிலும் கையும் படாத இடத்தில் நிறம் அப்படியே இருக்கும். ஐம்பது வருஷமாக யார் யாரோ அடித்த பெயிண்டைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள்.

## வழி இரண்டு: இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல்

உங்களிடம் பாகமே இல்லை, அல்லது யாரோ டேஷ்போர்டை வெட்டி நவீன ரேடியோ மாட்டிவிட்டார்கள் என்றால் இதுதான் முதல் வழி. சாம்பல் தட்டு, கையுறைப் பெட்டிக் கதவு, சீட்டுச் சட்டம், ஹீட்டர் பெட்டி, கண்ணாடி ஏற்றும் பொறி என்று இரும்பில் செய்த எதற்கும் பழைய அசல் கிடைத்தால் புதியதைப் பார்க்காதீர்கள்.

பென்சில்வேனியாவில் அக்டோபரில் நடக்கும் ஹெர்ஷி, அதே மாநிலத்தின் கார்லைல், விஸ்கான்சினில் ஜூலையில் ஐயோலா, டெக்சாஸில் பேட், கலிபோர்னியாவில் பொமோனா, இப்படிப் பழம்பாகச் சந்தைகள் இருக்கின்றன. பாகத்தைக் கையில் பிடித்து, உங்கள் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்க முடிவதுதான் சந்தையின் பெரிய லாபம். சின்னதாக இருந்தால் உங்கள் உடைந்த பாகத்தை ஒரு பையில் எடுத்துக்கொண்டே போங்கள்.

வண்டி எந்த ஊரில் நின்றது என்று கேட்டு வாங்குங்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ மாதிரி வறண்ட ஊர் வண்டியில் இரும்பு நன்றாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் குமிழ், ரப்பர், சீட்டு எல்லாம் வெயிலில் பொடியாகியிருக்கும். பனிக்கு உப்புப் போடும் வட மாநிலங்களில் இது தலைகீழ்: தரையும் கதவின் அடியும் போயிருக்கும், கொட்டகைக்குள் நிழலில் நின்ற வண்டியானால் டேஷ்போர்டுக் குமிழ்கள் அருமையாக இருக்கும்.

இங்கே ஏமாறும் இடம், ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு டிரக் பிராண்டான ஜிஎம்சி. கேபின் அதே கேபின், கதவு அதே கதவு. ஆனால் ஜிஎம்சியின் 228 எஞ்சின் ஷெவ்ரலேயின் 216 மாதிரி தெளிக்கும் ரகமில்லை, முழு அழுத்த ரகம். அதனால் மீட்டர் வாங்கும்போது ஆயில் அளவு எதுவரை போகிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மறைந்த செலவு என்ன? ஒரு பாகத்துக்காகப் போய் முழு வண்டியையே வாங்கி வருவது. இது பலருக்கு நடக்கிறது, சில சமயம் கணக்கும் சரியாகவே வருகிறது, ஏனென்றால் திருகாணி, கிளிப், பிராக்கெட் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஆனால் இழுத்துவரும் கூலி, நிறுத்த இடம், பத்திரம், மிச்சத்தை விற்கும் தலைவலி நான்கையும் கூட்டிப் பாருங்கள். தனிப் பாகமாக வாங்கினால் அதைப் பிடிக்கும் திருகாணியையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் காலத் திருகாணித் தலையும் வாஷரும் தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

## வழி மூன்று: பெட்டி பிரிக்காத பழைய இருப்பு

‘என்.ஓ.எஸ்.’ என்ற மூன்று எழுத்தைப் போட்டு விற்பது இதைத்தான். அந்தக் காலத்தில் டீலர் கடைக்கு வந்து விற்காமல் அலமாரியில் தங்கிவிட்ட அசல் ஜெனரல் மோட்டார்ஸ் பாகம். கையில் எடுத்தால் கிடைக்கும் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். டேஷ்போர்டுக் குமிழ், மீட்டர் முகப்பு, ஹார்ன் பொத்தான், கைப்பிடி மாதிரி கண் நேராகப் போய் விழும் சின்ன இரும்பு, குரோம் சாமான்களுக்கு இதற்கு ஈடு இல்லை.

ஆனால் மூன்று எச்சரிக்கை. ரப்பர், அட்டை, துணி, வயர் என்றால் பெட்டிக்குள் இருந்தாலும் வயசு ஏறத்தான் செய்யும். எழுபது வருஷத்து ரப்பரைச் சுருளிலிருந்து விரித்தால் விரல் பட்ட இடத்தில் உடையும். அதற்குப் பெரிய விலை கொடுப்பது வீண். அடுத்தது, கம்பெனிப் பெட்டியில் இருந்தாலே ஆலையில் பூட்டிய அதே பாகம் என்று ஆகிவிடாது. பிற்கால டீலர் சேவைக்காகப் பல எண்களை ஒன்றாக்கி, பல வருஷங்களுக்குப் பொருந்தும் ஒரே பாகமாகத் தந்திருப்பார்கள். பாகப் புத்தகத்தில் எண்ணைத் தேடி, அது உங்கள் வருஷத்துக்கு முதலில் கொடுத்த எண்ணா, பிற்பாடு மாற்றிய எண்ணா என்று பாருங்கள். கடைசியாக, பழைய பெட்டிக்குள் புதிய நகலை வைத்து விற்பவர்களும், வேறு கம்பெனி செய்த பழைய மாற்றுப் பாகத்தை அசல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாகத்தின் மேலேயே எண்ணோ முத்திரையோ இருக்கிறதா என்று கேட்டுப் படம் வாங்குங்கள்.

கொரியப் போர்க் காலத்து வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 1951 தொடங்கி நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்ததால், அதுவரை பளபளத்த சில அலங்காரச் சாமான்கள் பெயிண்டு அடித்தே வந்தன. 1952 சாதாரணக் கேபினுக்குள் எங்கு பார்த்தாலும் குரோம் மின்னினால், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அசலாக இருந்தாலும் அந்த வண்டிக்குப் பொய். பெயிண்டு அடித்த பாகம் மலிவாகவும் கிடைக்கும், சரியாகவும் இருக்கும்.

## வழி நான்கு: புதிதாகச் செய்த நகல்

இந்த வண்டியின் அதிர்ஷ்டம், நகல் பாகம் கிடைக்காத இடமே அநேகமாக இல்லை என்பது. கூரை அட்டை, பக்கவாட்டு அட்டை, கையுறைப் பெட்டியின் அட்டைக்கூடு, தரை மேட், கதவு ரப்பர், சீட்டு உறை, வயரிங் எல்லாம் கிடைக்கிறது. அந்தக் காலத்திலேயே சில வருஷத்தில் அழியும் பொருளாகத்தான் இவற்றைச் செய்தார்கள். அழிந்ததை நகலால் நிரப்புவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

குழப்பம் தரத்தில். பல கடைகள் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கி வேறுவேறு விலைக்கு விற்கின்றன, அதே சமயம் ஒரே பாகத்தை இரண்டு பேர் இரண்டு தரத்தில் செய்வதும் உண்டு. எந்த நாட்டில் யார் செய்தது, உரிமம் பெற்றதா, திருப்பி அனுப்ப முடியுமா என்று போனில் கேட்டுவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் பெற்ற மீட்டெடுப்புப் பாகம் என்ற முத்திரை நல்ல தொடக்கம்தான், ஆனால் உங்கள் வருஷத்துக்குச் சரி என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தரை மேட்டைப் பாருங்கள், இதில் எத்தனை சிக்கல் என்று புரியும். இந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே காலால் மிதிக்க வேண்டும், லைட்டைத் தாழ்த்துவதும் காலால்தான், அதற்கு மேல் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். மூன்று கியர் தண்டில் இருந்தால் ஒரு மாதிரித் துளை, நான்கு கியர் கம்பி தரையில் இருந்தால் வேறு துளை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிற மேட்டில் துளையை நீங்களே வெட்ட வேண்டியிருக்கும், ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். உங்கள் கந்தல் மேட் இருந்தால் அதை மேலே போட்டு அளவெடுத்துவிடலாம். நான் எறியாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

முழு இன்டீரியர் கிட் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அதில் கதவுக்கு ரெக்சின் போர்த்திய பலகையும் வரும். அட்வான்ஸ் டிசைன் வண்டியின் கதவு உள்பக்கம் வெறும் பெயிண்டு அடித்த இரும்பு, நடுவில் திருகாணியால் பிடித்த மூடி, அவ்வளவுதான். அந்த வெறுமைதான் உழைக்கப் பிறந்த வண்டியின் முகம். அதை மறைத்துவிட்டு ‘அசல் போலவே’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதிலிருந்து எது எது அசலில் இருந்தது என்று அசெம்பிளி மேனுவலை வைத்துப் பிரித்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கு மட்டும் நடுவழி ஒன்று உண்டு. ஸ்பிரிங் சட்டம் நன்றாக இருந்தால், நகல் உறையை அப்படியே மாட்டாமல், பழைய உறையோடு ஒரு நல்ல குஷன் கடைக்குப் போய் அதே தையல் வரிசை, அதே விளிம்பு மடிப்பு என்று தைத்து வாங்கலாம். காசு கூடுதல், ஆனால் இன்றைய ஃபோமைக் கட்டியாக வைத்து நவீன சோபா மாதிரி உப்ப வைத்துவிடாதபடி பக்கத்தில் நின்று சொல்ல முடியும்.

## பாகத்துக்குப் பாகம்

| பாகம் | முதலில் பாருங்கள் | முடியாவிட்டால் | வேண்டாம் |
|---|---|---|---|
| ஸ்டீயரிங் சக்கரம் | எபாக்சியால் பழுதுபார்ப்பு | கழற்றிய பழைய அசல் | சின்ன விட்டச் சக்கரம் |
| மீட்டர்கள் | இருப்பதைப் பழுதுபார்ப்பு | பழைய இருப்பு முகப்பு | 1953–54 கோட்டைத் தாண்டியது |
| கூரை, பக்க அட்டைகள் | நகல் | பழையதை அளவு வைத்து வெட்டியது | பெட்டியில் கிடந்த பழைய அட்டை |
| கண்ணாடிக் கைப்பிடிகள் | பழைய இருப்பு | நல்ல கழற்றிய அசல் | குழிவிழுந்ததற்கு மறுமுலாம் |
| சீட்டு | அசல் சட்டம், குஷன் கடைத் தையல் | நகல் உறை | நவீன வண்டியின் சீட்டு |
| டேஷ்போர்டு இரும்பு | இருப்பதில் டிங்கரிங் | அதே வருஷ வரம்பில் கழற்றியது | வெட்டிய இடத்தைப் பிளாஸ்டிக்கால் மூடுவது |
| வயரிங், ரப்பர் | நகல் | – | பழையது எதுவும் |

## உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அசலைப் பார்க்காதீர்கள்

பட்டியலின் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் 6 வோல்ட். அதே வெளிச்சத்துக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், அதனால் வயர் தடிமன் அதிகம் வேண்டும். பழைய துணி உறை வயர் தொட்டால் உதிரும், உள்ளே செம்பு பல்லைக் காட்டும், அதுவும் 1949 முதல் டாங்க் உங்கள் முதுகுக்குப் பின்னால். வெளியே அதே நிறக்கோட்டுத் துணிப் பின்னல், உள்ளே நவீன பிளாஸ்டிக் உறை என்று செய்த நகல் வயரிங் கிடைக்கிறது. பார்வைக்கு அசல், பாதுகாப்புக்குப் புதுசு. டாங்கை நிரப்பும் குழாயின் ரப்பர் இணைப்பும் கேபின் சுவரில் அது நுழையும் ரப்பர் வளையமும் புதிதாகவே இருக்கட்டும். கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். சீட்டு பெல்ட் அந்த வண்டிகளில் இல்லைதான், இருந்தாலும் மாட்டுங்கள்.

12 வோல்ட்டுக்கு மாற்றுவதா என்று கேட்பவர்களுக்கு: வெப்ப மீட்டர், ஆயில் மீட்டர் இரண்டும் மெக்கானிக்கல், அவற்றுக்கு எந்த மாற்றமும் வேண்டாம். பெட்ரோல் மீட்டருக்கு மட்டும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்னச் சாதனம் வேண்டும். ஹீட்டர் மோட்டாரும் அசல் ரேடியோவும் 6 வோல்ட்டுக்குச் செய்தவை, அவற்றுக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் நவீன ரேடியோவை சீட்டுக்கு அடியில் வையுங்கள், டேஷ்போர்டில் கத்தி படக் கூடாது.

வாங்கும் வரிசை இப்படி இருந்தால் பணம் வீணாகாது. முதலில் மேனுவல், பாகப் புத்தகம். பிறகு வோல்ட், எஞ்சின், கியர், ஹீட்டர் நான்கையும் முடிவு செய்வது. அப்புறம் வயரிங், டாங்க் ரப்பர். சந்தை சீசனில் இரும்புப் பாகங்கள், பழைய இருப்புக் குமிழ்கள். கேபினுக்குப் பெயிண்டு அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு கூரை அட்டை, கதவு ரப்பர், சீட்டு. தரை மேட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள், துளைகள் எங்கே வர வேண்டும் என்று அப்போதுதான் உறுதியாகத் தெரியும்.